ஆராய்ச்சி என்று வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது?

மேல்புறம் பால்வெட்டுகாரன்
ஞாயிறு, பகல் 12.10

என் மகளுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம். நாலு கை காலும் பாதிப்பு, தானாக உட்கார முடியாது, பேச்சு இல்லை. ஆளைப் பார்த்துச் சிரிப்பாள். ரோட்டில் பஸ் போனால் ஆரன் சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் தலையை அந்தப் பக்கமே வைத்திருப்பாள்.

போன மாதம் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. சாயா போட்டுக் கொடுத்தோம். பதினாலு பக்கத் தாள். பிள்ளை எத்தனை மாதத்தில் பிறந்தாள், ரேஷன் கார்டு என்ன வகை, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று தொடங்கி, கடைசியில் பராமரிக்கிறவரின் சுமை என்று 22 கேள்விகள். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருமா, நாலு பேர் முன்னால் வெட்கமாக இருக்குமா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் அஞ்சு கட்டம், ஒன்றில் டிக் போட வேண்டும். இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டபோது என் மனைவி பதில் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். நான்தான் 'சில நேரம்' என்று சொல்லி முடித்தேன். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. மூணு மணிக்கு நான் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குக் கிளம்பும்போதும் கண்ணைத் திறந்தபடிதான் கிடந்தாள்.

எங்கள் வீட்டுக்கு இது மூணாவது ஆராய்ச்சி. முன்னால் வந்த ரெண்டு பேரும் அதோடு சரி, எட்டிப் பார்க்கவில்லை. கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்தப் பிள்ளைகளைப் பற்றி உலகம் பூரா இத்தனை ஆராய்ச்சி நடக்கிறதே, அதில் என் வீட்டுத் திண்ணையில் வைத்து நான் செய்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? பால் எடுத்து ஷீட் அடித்து முடித்தால் பதினொரு மணி. அப்புறம் வீட்டில்தான் இருக்கிறேன். நேரம் கிடக்கிறது, என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.


குளச்சல் காற்று
ஞாயிறு, பகல் 12.31

எல்லாம் பட்டம் வாங்கத்தான். வேறென்னத்துக்கு?


தக்கலை டெய்லர்
ஞாயிறு, பகல் 1.05

தம்பி, நான் போலியோ. வயது 57. நாலு வயதிலிருந்து இடது காலில் கேலிப்பர், காலைத் தாங்கும் கம்பிக்கட்டு. என்னைத் தேடி ஒரு ஆராய்ச்சியும் வந்தது இல்லை, அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்பது வயதுக்கு மேல் எனக்கு நல்ல கால் தளர ஆரம்பித்தது. மிஷினுக்கு மோட்டார் வைத்தும், மாலையானால் தொடை நடுங்கும். வயசாகுது என்றார்கள். ஒரு இளம் டாக்டர், நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க, சதை ஏறும் என்றார். மூணு மாதம் வெறியாகச் செய்தேன். அதற்கப்புறம் மாடிப்படியே ஏற முடியவில்லை.

பிறகு என் மகன் போனில் தேடிப் படித்துச் சொன்னான். போலியோ வந்து பதினைந்து, இருபது, முப்பது வருடம் கழித்துப் புதிதாகத் தளர்ச்சி வருவது ஒரு தனி நோய்நிலையாம், பெயரே இருக்கிறது. செத்துப்போன நரம்புகளின் வேலையை மிச்சம் இருந்த நரம்புகள் இத்தனை வருடம் சேர்த்துச் செய்து களைத்துப்போவதால் வருவது என்று சொல்கிறார்கள். அதற்கு முறுக்கிப் பிழியும் உடற்பயிற்சி ஆகாது. களைக்கும் முன்னாலேயே நிறுத்த வேண்டும், வேலைக்கு நடுவில் ஓய்வு எடுக்க வேண்டும். இப்போது நாப்பது நிமிடம் தைத்தால் பத்து நிமிடம் பெஞ்சில் சாய்கிறேன். அந்த ஆராய்ச்சிக்காரன் எந்த ஊர்க்காரனோ, என் கடையைக் காப்பாற்றிக் கொடுத்தான்.

அந்த டாக்டரையும் குறை சொல்லமாட்டேன். இந்தியாவில் கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியில், ஹவுராவில். அவர் படிப்பு முடித்து வரும்போது போலியோவைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார். ஆனால் நாங்கள் இன்னும் உயிரோடுதானே இருக்கிறோம்.


வீடுவீடாய் பிசியோ
ஞாயிறு, இரவு 9.40

மேல்புறம் அண்ணன், உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இருக்கிறது. பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் நாங்களே வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பாயில் மலர்த்திப் போட்டு, காலை மடக்கி நீட்டி, கையை இழுத்து, முப்பது எண்ணிவிட்டு, 'நாளை வருகிறேன்' என்று கிளம்புவோம். பிள்ளை அழும், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூளை முடக்குவாதத்துக்கான சிகிச்சைகளையெல்லாம் ஒன்றுதிரட்டி அலசி, சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2013இல் ஒரு கட்டுரை போட்டார்கள். பிறகு புதுப்பிக்கவும் செய்தார்கள். அடுத்தவர் கையால் சும்மா இழுத்துவிடுவதற்கு அதில் பெரிய மரியாதை இல்லை. பச்சையில் வந்தவை பெரும்பாலும் பிள்ளை தானே ஒரு காரியத்தைச் செய்து பழகும் பயிற்சிகள். ஸ்பூன் பிடிக்கப் பழக வேண்டுமென்றால் ஸ்பூனைத்தான் பிடிக்க வேண்டும். காரியத்தை விட்டுவிட்டுத் தசையை மட்டும் உருவிக்கொண்டிருந்தால் பிடி வராது.

வீட்டில் வைத்துச் செய்வதைப் பற்றியே ஒரு சோதனை உண்டு, 2009இல் வெளிவந்தது, அதுவும் ஆஸ்திரேலியாதான். 36 பிள்ளைகள். ஒரு குழுவுக்கு எட்டு வாரம், ஒன்றுக்கு நாலு வாரம், ஒன்றுக்கு வீட்டுப் பயிற்சியே இல்லை. என்ன பழக வேண்டும் என்பதைத் தெரபிஸ்ட் முடிவு செய்யவில்லை, வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பெற்றோர் சராசரியாக மாதத்துக்கு பதினேழு, பதினெட்டு தடவை, தடவைக்குப் பதினாறு, பதினேழு நிமிடம் செய்தார்கள். அவ்வளவுதான். எட்டு வாரம் செய்த பிள்ளைகளுக்கும் ஒன்றும் செய்யாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரிந்தது. சின்ன சோதனைதான், உங்கள் மகளைப் போல அதிகம் பாதித்த பிள்ளைக்கு அதை அப்படியே தூக்கிவைக்கவும் முடியாது. ஆனால் 'இன்னும் செய்ய வேண்டுமோ' என்று தூங்காமல் கிடந்த அக்காவிடம் அந்தப் பதினாறு நிமிடக் கணக்கைச் சொல்லுங்கள். நாள் முழுக்க யாரும் செய்யவில்லை.

நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய காரியம் உட்கார்வது. சாப்பாடு ஊட்டும்போது மடியில் மலர்த்திப் போட்டா ஊட்டுகிறீர்கள்? பெரும்பாலான வீட்டில் அப்படித்தான். தலை பின்னால் சாய்ந்தால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போகும். அடிக்கடி சளி, இருமல், நெஞ்சு அடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதில் ஒரு பங்கு இதுதான். ஊர் ஆசாரியிடம் சொல்லி மூலை நாற்காலி ஒன்று செய்யச் சொல்லுங்கள். முதுகுப் பலகை இரண்டும் சுவர் மூலை மாதிரி சேர வேண்டும், அப்போதுதான் தோள் ரெண்டும் முன்னால் வரும். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்க வேண்டும், பாதம் தொங்கக்கூடாது, கீழே பலகையில் ஊன்ற வேண்டும். முன்னால் ஒரு தட்டுப் பலகை. அளவை மகளை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆசாரியிடம் போகும் முன்னால் உங்கள் பக்கத்து பிசியோ ஒருவர் பார்க்கட்டும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?


மேல்புறம் பால்வெட்டுகாரன்
ஞாயிறு, இரவு 9.58

எக்ஸ்ரேயா? எடுத்ததே இல்லை. அவள் விழவில்லையே.


வீடுவீடாய் பிசியோ
ஞாயிறு, இரவு 10.20

விழ வேண்டாம் அண்ணன். நடக்காத பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் பந்து குழியைவிட்டுப் பைய நகரும். தசை இறுக்கம் ஒரு பக்கம் இழுக்கிறது, நின்று நடந்தால் குழி ஆழமாகும், அதுவும் நடப்பதில்லை. முதலில் வலியே இருக்காது. வலி வரும்போது காலம் கடந்திருக்கும். பிறகு டயப்பர் மாற்றக் காலை விரித்தாலே கத்துவார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 323 பிள்ளைகளைப் பார்த்தார்கள், 2006இல் வந்தது. நடமாட்டத்தை வைத்து இந்தப் பிள்ளைகளை ஐந்து நிலையாகப் பிரிப்பார்கள், ஐந்தாவதுதான் அதிகப் பாதிப்பு. நன்றாக நடக்கிற முதல் நிலைப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இடுப்பு நகரவில்லை. உங்கள் மகளைப் போன்ற ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு நகர்ந்திருந்தது. தெற்கு சுவீடனில் 1994இல் தொடங்கி இப்படிப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் பட்டியல் போட்டு, குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, நகர ஆரம்பித்த உடனே கைவைத்தார்கள். இருபது வருடத்தில் இடுப்பு முழுதாகக் கழன்றுபோவது ஏறக்குறைய நின்றேபோனது. அங்கே புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. தவறாமல் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டி, இடுப்பு நகர்ந்திருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் வெளியே வந்திருந்தால் நகர்ந்துவிட்டது என்று கணக்கு. படத்தை மடக்காமல் பத்திரமாக வையுங்கள். அடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டிவரும்.


மார்த்தாண்டம் ஜங்ஷன்
திங்கள், காலை 7.15

எக்ஸ்ரே அது இது என்று அலையாதீங்க. என் மச்சானின் மகனுக்கு ஆக்சிஜன் கூண்டு சிகிச்சை கொடுத்தார்கள், வெளிமாநிலத்தில். நாப்பது நாள். பையன் முன்னைவிட உஷார். எண் வேண்டுமானால் தருகிறேன்: [நீக்கப்பட்டது]


நிர்வாகி
திங்கள், காலை 7.50

எண்ணை எடுத்துவிட்டேன். இங்கே சிகிச்சை மையங்களுக்கு விளம்பரம் வேண்டாம் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. அனுபவத்தை எழுதுங்கள், எண்ணைப் போடாதீர்கள்.


வீடுவீடாய் பிசியோ
திங்கள், பகல் 2.10

பையன் முன்னைவிட உஷார் என்பதை நான் மறுக்கவே இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கனடாவில் 111 பிள்ளைகளை வைத்து இந்தக் கூண்டைச் சோதித்தார்கள், 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்கு அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன், பாதிப் பேருக்குக் கூண்டுக்குள் லேசாக அழுத்தம் கூட்டிய வெறும் காற்று. யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. முடிவில் ரெண்டு கூட்டமும் ஒரேபோல முன்னேறியிருந்தார்கள். அதாவது பிள்ளைகள் முன்னேறியது நிஜம், ஆனால் ஆக்சிஜனால் இல்லை. பிள்ளை வளர்கிறான், எல்லோரும் அவனையே கவனிக்கிறார்கள், பெற்றோருக்கு நம்பிக்கை வருகிறது. உங்கள் மச்சான் எவ்வளவு கட்டினார்?


மார்த்தாண்டம் ஜங்ஷன்
திங்கள், பகல் 2.45

தங்கிச் சாப்பிட்டது எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். செயினை வைத்தார்கள்.

அடுத்து ஸ்டெம்செல் ஊசி போடலாம் என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்களாம்.


பாதியில் நிற்கும் ஆராய்ச்சியாளன்
திங்கள், மாலை 6.30

அண்ணாச்சி, மச்சானைத் தடுத்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சை தவிர, ஸ்டெம்செல்லை எதற்கும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது. மற்றதெல்லாம் அனுமதி வாங்கிய சோதனையாக மட்டுமே நடக்கலாம். சோதனை என்றால் அதில் சேருகிறவரிடம் காசு வாங்கக்கூடாது. காசு கேட்டாலே அது ஆராய்ச்சி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் நான் வாயைத் திறப்பதற்கே கூச்சமாக இருக்கிறது. மேல்புறம் அண்ணன் எழுதியதில் வருகிற ஆள் நான்தான். அந்த மாணவி இல்லை, அவருக்கு முன்னால் இதையே செய்த ஒருவன். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் 60 வீடு ஏறி இறங்கினேன். அந்தச் சுமைக் கேள்விகள் முதலில் மறதிநோய் வந்த முதியவர்களைக் கவனிப்பவர்களுக்காக அமெரிக்காவில் எழுதப்பட்டவை. தமிழாக்கி நம் அம்மாக்கள் கையில் கொடுத்தோம். ஒரு அம்மா என்னிடம், "சுமை என்று யார் சொன்னது மக்களே, பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்கிறானே, அதுதான் சுமை" என்றார். அதற்குக் கட்டம் இல்லை. எழுதாமல் விட்டேன். இப்போது என் ஆய்வில் ஓர்மையில் நிற்பது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

சரி, உபயோகமாக ஒன்று சொல்கிறேன். அடுத்து யாராவது தாளோடு வந்தால் சாயாவுக்கு முன்னால் இதைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, அதன் நகல் எங்கே? பாதியில் வேண்டாம் என்றால் நிறுத்தலாமா? நிறுத்தலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், நிறுத்தியதற்காக உங்களுக்குக் கிடைக்கிற எந்த உதவியையும் யாரும் வெட்டமுடியாது. முடிவை எங்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள்? இந்த மூணாவது கேள்விக்குத்தான் முழிப்பார்கள், நானும் முழித்திருப்பேன்.

இன்னொன்று உண்டு, நானே கடைப்பிடிக்காதது. ஏழு வயது நிறைந்த பிள்ளையிடம், பெற்றோர் கையெழுத்து போட்ட பிறகும், அந்தப் பிள்ளையின் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறது அதே கழகத்தின் நெறிமுறை. பேச்சு இல்லாத பிள்ளை என்றால் நாங்கள் அந்தப் பக்கத்தையே தாண்டிப்போய்விடுவோம்.


பார்வதிபுரம் அம்மா
திங்கள், இரவு 8.05

பிசியோ தம்பிக்கு ஒரு கேள்வி. அஞ்சு வயதுக்கு மேல் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னேற்றமே வராது என்று ஆராய்ச்சி சொல்வதாக ஒரு கேம்பில் மேடையில் வைத்தே சொன்னார்கள். என் மகனுக்கு அன்றைக்கு ஆறு. மைக்கில் சொல்கிறார்கள், நான் முன்வரிசையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கப்புறம் எந்தக் கேம்புக்கும் போகவில்லை.


வீடுவீடாய் பிசியோ
திங்கள், இரவு 10.45

அக்கா, அப்படிச் சொன்னவர் ஒரு வளைகோட்டுப் படத்தைப் பார்த்திருக்கிறார், படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைப் படிக்கவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் 657 பிள்ளைகளை வருடக்கணக்கில் அளந்து 2002இல் வளைகோடுகள் போட்டார்கள். ஐந்து நிலைக்கு ஐந்து கோடு. எந்தப் பிள்ளையும் தான் எட்டப்போகிற அசைவுத் திறனில் 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறது, அதிகம் பாதித்த பிள்ளைகள் மூன்று வயதுக்கு முன்னாலேயே. இது உண்மை, மறைத்தால் உங்களை ஏமாற்றுவது. 'பத்து வயதில் நடப்பான், மாதம் இவ்வளவு கட்டுங்கள்' என்பவனிடமிருந்து உங்களைக் காப்பதும் இந்தக் கோடுதான்.

ஆனால் அந்தக் கோடு அளந்தது புரள்வது, உட்கார்வது, நிற்பது, நடப்பது மட்டும். படிப்பை அளக்கவில்லை. கையால் செய்யும் வேலையை, பேச்சை, சைகையை, கூட்டாளிகளை, வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு கடைக்குப் போவதை அளக்கவில்லை. அதில் பங்குபெற்ற அதே ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் பத்து வருடம் கழித்து, 2012இல், இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளையைச் சரிசெய்வதையே நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆறு விஷயத்தைப் பார்ப்போம் என்று: செயல்பாடு, குடும்பம், உடல்வலு, கூட்டாளிகள், குதூகலம், எதிர்காலம். உங்கள் மகனுக்கு இந்த ஆறில் எதற்கு வயது கடந்துபோயிருக்கிறது?


பார்வதிபுரம் அம்மா
திங்கள், இரவு 11.02

பதினொன்று ஆகிறது அவனுக்கு இப்போது. செஸ் ஆடுவான். காயை நான் நகர்த்துவேன், எங்கே என்று அவன் கண்ணால் காட்டுவான். அவன் அப்பாவைத் தோற்கடித்துவிட்டான்.


அருமனை ஆட்டோ வீட்டுக்காரி
செவ்வாய், காலை 10.20

பிசியோ அண்ணன் சொன்ன 'காரியத்தைச் செய்து பழகுவது' எங்கள் வீட்டில் நடந்தது. மகனுக்கு வலது பக்கம் மட்டும் பாதிப்பு, நடப்பான், வலக்கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் இடக்கையையே நீட்டுவான். நல்ல கைக்கு உறை போட்டு, மெலிந்த கையால் விளையாட வையுங்கள் என்று தெரபிஸ்ட் சொன்னார். பாவம் பிள்ளையைக் கட்டிப்போடுவதா என்று என் மாமியார் சண்டைக்கு வந்துவிட்டார்.

ரப்பர் காய் வெடிக்கிற காலம். மத்தியானம் தோட்டத்தில் பட்டாசு மாதிரி பட்பட்டென்று வெடித்துக் கொட்டை சிதறும். அவனுடைய அப்பாவின் பழைய சாக்ஸை நல்ல கையில் மாட்டி, ஒரு சிரட்டையைக் கொடுத்துப் பொறுக்கச் சொன்னேன். முதல் நாள் மூணு கொட்டை. விரல் விரியாது, கொட்டை வழுவழுப்பு வேறு, பிடித்தால் நழுவி ஓடும். அழுதான், சாக்ஸைப் பல்லால் கடித்து உருவினான். மறுநாள் அவன் அக்காவும் கூட வந்து போட்டி என்றாள். நாலாவது வாரம் ஒரு சிரட்டை நிறைத்தான். இப்போது சட்டைப் பட்டனை ரெண்டு கையும் சேர்த்துப் போடுகிறான். கடைசிப் பட்டன் மட்டும் வராது.

கொட்டையை வாயில் போடவிடாதீர்கள், விஷம். பக்கத்திலேயே இருக்க வேண்டும்.


வீடுவீடாய் பிசியோ
செவ்வாய், காலை 11.15

இது பச்சை விளக்கில் முதல் வரிசை. சாக்ஸும் சிரட்டையும் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இருக்காது, ஆனால் சங்கதி இதுதான். கொள்ளாம் அக்கா.


வள்ளவிளைக்காரி
செவ்வாய், இரவு 9.10

எல்லோரும் கைகாலைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் மகனுக்கு ஆட்டிசம், ஆறு வயது. வீட்டுக்காரர் ஆழ்கடல் தங்கலுக்கு மீன்பிடிக்கப் போனால் திரும்ப நாப்பது நாளும் ஆகும். தெரபிக்கு நாகர்கோவில் அல்லது திருவனந்தபுரம். ரெண்டு பஸ் மாறி, கூட்டத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தி, நான் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்த நாள் எத்தனையோ.

நம்மைப் போன்ற இடத்துக்கு என்று ஏதாவது ஆராய்ச்சி நடந்திருக்கிறதா? டாக்டர் இல்லாத இடம், தாய் ஒருத்தி மட்டும் இருக்கிற இடம்.


பாதியில் நிற்கும் ஆராய்ச்சியாளன்
செவ்வாய், இரவு 10.30

நடந்திருக்கிறது அக்கா. அதுவும் நம்மூர் மாதிரி கடலோரத்தில், கோவாவில். பாகிஸ்தானின் ராவல்பிண்டியும் சேர்த்து 65 பிள்ளைகள், முடிவு 2016இல் வந்தது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த சாதாரணப் பணியாளர்கள் பெற்றோரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தார்கள், ஆறு மாதம். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அம்மாவுக்கே போட்டுக் காட்டுவார்கள். எந்த இடத்தில் பிள்ளை உங்களைத் தேடினான், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. ஆறு மாதத்தில் அம்மாக்கள் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுப்பது கூடியது, பிள்ளைகள் தாமாகவே தொடர்பு கொள்வதும் கூடியது. ஒரே விஷயத்தை ரெண்டு பேரும் சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். நம் ஆட்கள் நடத்தும் ஆய்வில் எல்லாமே கூடித்தான் இருக்கும், அதைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

மலைக்கு அந்தப் பக்கம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது, அவர்களும் வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்குக் கிராமப் பணியாளர்களை டேப்லெட்டோடு வீட்டுக்கே அனுப்பி, அதன் பலனை அளந்து எழுதிவருகிறார்கள். பிள்ளையோடு அம்மாவின் நிலைமையையும் சேர்த்து அளக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது.


வள்ளவிளைக்காரி
வியாழன், இரவு 9.35

நேற்று போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து நானே எடுத்துப் பார்த்தேன். அஞ்சு நிமிடம். அதில் நான் 31 கேள்வி கேட்டிருக்கிறேன், எண்ணினேன். இது என்ன, இது என்ன கலர், அம்மாவைப் பார், சொல்லு சொல்லு. சவம், எனக்கே எரிச்சலாக வந்தது. நடுவில் ஒரு இடத்தில் அவன் சிப்பியை என் முழங்காலில் வைக்கிறான். நான் அதைக் கவனிக்கவே இல்லை, கலரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிப்பி அடுக்கினேன். பத்தாவது சிப்பியை என் கையில் வைத்தான்.


அங்கன்வாடி அக்கா
வெள்ளி, பகல் 1.30

எங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று. திருவனந்தபுரத்துக் குழந்தை மருத்துவர்கள் 1991இல் ஒரு அட்டை வெளியிட்டார்கள், திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டை என்றே பெயர். ரெண்டு வயது வரைக்கும் 17 காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பிள்ளையின் மாதத்தில் பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கமே முடிந்துபோன கோட்டின் காரியத்தைப் பிள்ளை செய்யவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அஞ்சு நிமிட வேலை, படிப்பு அதிகம் வேண்டாம். மாமியார் 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசுவான்' என்று சொல்லும்போது வாய்ச்சண்டை போடாமல் பென்சிலை வைத்துக் காட்டுகிறேன். பென்சிலோடு யாரும் சண்டை போடுவதில்லை.


தக்கலை டெய்லர்
வெள்ளி, இரவு 8.15

எல்லாம் நல்லது. ஆனால் நான் எண்ணிப் பார்த்தேன், நான் சொன்னதைத் தவிர இந்த இழையில் சொன்ன அத்தனை ஆராய்ச்சியும் பிள்ளைகளைப் பற்றி. பிள்ளைகள் வளர்ந்தால் எங்கே போவார்கள்? பார்வதிபுரம் தங்கச்சியின் மகன் நாளை முப்பது வயதில் யாரோடு செஸ் ஆடுவான் என்று யாராவது அளந்தார்களா?


பாதியில் நிற்கும் ஆராய்ச்சியாளன்
வெள்ளி, இரவு 9.00

குறைவுதான் அண்ணாச்சி. வளர்ச்சிக் குறைபாடு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று இந்தியாவில் ஐந்து இடத்தில் வீடுவீடாகப் பார்த்த பெரிய ஆய்வு 2018இல் வந்தது. அதிலும் ரெண்டிலிருந்து ஒன்பது வயதுதான். அந்த ஐந்து இடத்தில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை.

உங்கள் நாப்பது நிமிடம், பத்து நிமிடக் கணக்கை ஒருநாள் கடையில் வந்து எழுதிக்கொள்ளலாமா? திரும்பவும் வருவேன்.


தக்கலை டெய்லர்
வெள்ளி, இரவு 9.04

வா. பேன்ட் தைக்க துணியும் கொண்டுவா.


பிஆர்சி டீச்சர்
சனி, காலை 6.50

மேல்புறம் அப்பா, வட்டார வள மையத்திலிருந்து வீட்டுவழிக் கல்விக்கு வாரம் ஒருநாள் வருகிற என்னைப் போன்ற ஒருவர் உங்கள் பக்கத்திலும் இருப்பார், கேளுங்கள். அதுவரை ஒன்று செய்யுங்கள். கஞ்சி ஒரு கையில், பழம் ஒரு கையில். ரெண்டையும் காட்டி 'எது' என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசக்கூடாது. அவள் கண் எங்கே நிற்கிறதோ அதைக் கொடுங்கள். பிடிபட்ட பிறகு, மேலே பார்த்தால் ஆமாம், பக்கத்தில் திரும்பினால் வேண்டாம் என்று பழக்கலாம். படம், சைகை கொடுத்தால் வர இருக்கும் பேச்சும் நின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். 2006இல் 27 பேரைப் பற்றிய ஆய்வுகளை அலசியதில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது.


மேல்புறம் பால்வெட்டுகாரன்
சனி, ஐந்து வாரம் கழித்து, பகல் 3.20

எழுத நேரமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். மழை நின்றதும் வெட்டு கூடிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தோம். இடது இடுப்பு 34 சதவீதம் வெளியே, வலது பரவாயில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, கூடினால் என்ன செய்வது என்று பார்க்கலாம் என்றார் டாக்டர். 'நீங்களே கேட்டு வந்தீர்களா' என்று ஆச்சரியப்பட்டார். படத்தை ரப்பர் ஷீட் காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன், புகைக்கூடத்தில் இல்லை, உள்ளே.

ஆசாரி அயனிப் பலகையில் நாற்காலி செய்தார். முதலில் செய்தது அகலம், அவள் ஒருபக்கம் சரிந்தாள், திரும்ப இழைத்துக் கொடுத்தார். இப்போது அதில் உட்கார்ந்துதான் சாப்பாடு. பதினாறு நிமிடம் என்று மனைவியிடம் சொன்னேன். 'யார் சொன்னது' என்று ரெண்டு தடவை கேட்டாள்.

கண்ணால் காட்டுவது இப்போது எங்களுக்குப் புரிகிறது. பழத்தைக் கண்டால் கஞ்சியைத் திரும்பிப் பார்க்கவேமாட்டாள்.

அந்த ஆராய்ச்சி மாணவிக்குப் போன் செய்து, முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு போன புதன்கிழமை வந்தார். அதுவரை சேர்ந்த வீடுகளில் என்ன பார்த்தார் என்று வாய்மொழியாகச் சொன்னார். அம்மாக்களுக்கு முதுகுவலிதான் எல்லா வீட்டிலும் இருந்ததாம். எப்படிக் குனியாமல் தூக்குவது என்று தெரிந்த ஒருவரை அடுத்த தடவை கூட்டிவருவதாகச் சொன்னார். கிளம்பும் முன்னால், நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டு, "சனிக்கிழமை வரட்டுமா?" என்று மகளிடமே கேட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அவள் நன்றாக யோசித்தாள். பிறகு பைய முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிறு என்று பேசி முடித்திருக்கிறது. நாளைக்கு.